மூடிய கதவுக்குப் பின்னால் பசி: நம் தெருவின் வறுமையை அறிந்து உதவ ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் குழு ஹாம்பர் (மளிகைப் பை) கொடுக்கத் தொடங்கிய இரண்டாவது வருடம், ஃபிளாட் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஓர் ஆயா வீட்டுக்குப் போனேன். (இங்கே ஆயா என்றால் பாட்டி.) பத்து கிலோ மீலி மீல் (சோள மாவு), அரிசி, எண்ணெய், பீன்ஸ், டின் மீன் எல்லாம் தோளில். கதவைப் பாதி திறந்தவர், "வேணாம்பா, எனக்கு எல்லாம் இருக்கு. பக்கத்து வீட்டுக்குக் குடு" என்றார். தண்ணீர் கேட்டுத்தான் உள்ளே போனேன். சமையல்கட்டில் ஒரு சாஸரின் விளிம்பில் நான்கு டீ பேக் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு முறை போட்டெடுத்தவை, மறுபடி போடுவதற்காக. சுவரில் இருந்த ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட் எதுவும் இல்லை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லையாம். நான் தூக்கிப் போன அரிசியை அவர் எதில் வேகவைப்பார்?

அப்புறம் பேசப் பேசத்தான் மற்றது தெரிந்தது. மகள் இறந்துவிட்டாள், இரண்டு பேரப்பிள்ளைகள் இவரிடம். சின்னவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் அவன் பெயரில் உதவித்தொகை இல்லை. ஆயாவின் முதியோர் பணம் வரும் அட்டை, அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாஸா நிறுவனத்தின் அட்டை, ஒரு வட்டிக்காரனிடம் இருந்தது. ஹாம்பர் இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குழு வேலை செய்யும் முறையே மாறியது. வீட்டை முதலில் தெரிந்துகொள்வோம், பிறகுதான் கொடுப்போம். அந்த முறையைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். டர்பனை மனதில் வைத்து எழுதினாலும் ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா என எங்கே இருப்பவரும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: வறுமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"நம்மாளுங்களுக்கு என்ன கஷ்டம், உழைச்சா சாப்பிடலாம்" என்று சொல்பவர்கள் நம் கூட்டங்களில் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கரும்புக்காட்டை விட்டு வெளியேறியவர்கள் தோட்டம் போட்டார்கள், காய்கறி விற்றார்கள், காசு சேர்த்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்க வேண்டும் என்று பிரித்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் வாழ்ந்தவர்களைப் பெயர்த்தெடுத்து 1960களில் சாட்ஸ்வொர்த்திலும் 1970களின் நடுவிலிருந்து ஃபீனிக்ஸிலும் போட்டது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று ஒரே வளவில் இருந்த குடும்பம் இரண்டு அறை வீடுகளாகப் பிரிந்தது. ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் இன்னொரு வீட்டில் சாப்பிடும் வழக்கம் அங்கேயே அடிபட்டது.

அடுத்த அடி 1990களில். இறக்குமதி வரி குறைக்கப்பட்டதும் வெளிநாட்டு மலிவுத் துணி வந்து குவிந்தது. டர்பன் துணித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. அங்கே மெஷின் ஓட்டியவர்களில் பலர் நம் அக்காமார்கள். 1999இல் தேர்தல் வேலையாகச் சாட்ஸ்வொர்த் ஃபிளாட்டுகளுக்குப் போன பேராசிரியர் ஃபாத்திமா மீர், அங்கே கண்ட வறுமையைப் பார்த்து வாடகைக்கும் வெளியேற்றத்துக்கும் எதிரான போராட்டத்தில் நின்றார். அதன் பின் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் வந்து வீட்டுப் பாத்திரத்தைக்கூட விற்க வைத்தது. 2022 ஏப்ரல் வெள்ளம் எங்கள் மாநிலமான குவாசுலு-நடாலில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து குழாயில் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லை.

இவற்றில் எதையும் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. இதைக் குழுவில் எல்லோரும் மனதில் ஏற்றிக்கொண்ட பிறகு கதவைத் தட்டப் போங்கள். இல்லாவிட்டால் உங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு தெருவை எடுங்கள்

"சாட்ஸ்வொர்த் முழுவதும்" என்று தொடங்கிய எத்தனையோ குழுக்கள் மூன்று மாதத்தில் மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தெரு போதும், அல்லது ஒரு ஃபிளாட் கட்டடம். நான்கைந்து பேர் போதும். அதில் ஒருவர் அந்தத் தெருவிலேயே பல வருடம் இருந்த அம்மாவாக இருக்கட்டும். ஒருவருக்கு ஃபாரம் நிரப்பத் தெரிந்திருக்கட்டும். ஒருவருக்கு, இங்குள்ள ஆப்பிரிக்க மக்களின் மொழியான சுலு நன்றாகப் பேச வரவேண்டும். கடைசியாகச் சொன்னதை வலியுறுத்துகிறேன். பாட்டில்பிரஷ் போன்ற குடிசைப் பகுதிகள் சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே இருக்கின்றன. பசிக்கிற சுலுப் பிள்ளையைத் தாண்டி நம் பிள்ளைக்கு மட்டும் தட்டு நீட்டினால் அதற்கு அன்னதானம் என்று பெயர் வைக்க முடியாது.

யாரிடம் விசாரிப்பது? கடைக்காரருக்கு யார் ஒற்றை முட்டை வாங்குகிறார்கள் என்று தெரியும். கிளினிக் நர்ஸ், பள்ளிக்கூட ஆசிரியை, டாக்ஸி ஓட்டுகிற தம்பி ஆகியோருக்கும் ஒவ்வொன்று தெரியும். அவர்கள் அடுத்தவர் ரகசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. "யாருக்காவது நாங்கள் உதவ முடியும் என்று தோன்றினால் எங்கள் நம்பரைக் கொடுங்கள்" என்று சொல்லி வாருங்கள், போதும்.

நீங்களும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். மாதக் கடைசியில் பள்ளிக்குப் போகாத பிள்ளை, சாயங்காலம் விளக்கு எரியாத ஜன்னல், கோயில் சாப்பாட்டில் தனக்கு ஒரு வாய் வைத்துக்கொண்டு மிச்சத்தை டப்பாவில் கட்டும் பெரியவர், கல்யாணம் காதுகுத்து என்றால் உடம்பு சரியில்லை என்று தட்டிக்கழிக்கும் குடும்பம். வெறுங்கையோடு போக மானம் இடம் கொடுக்காது, அதனால்தான் வருவதில்லை.

மூன்றாம் படி: போய்ப் பேசுவது

முதல் தடவை எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இருவராகப் போங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். "கஷ்டமா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். "ஆயா, இந்த மாசம் கரண்ட் எப்படி ஓடுது?", "பையன் ஸ்கூலுக்கு என்ன கொண்டு போறான்?", "பென்ஷன் எடுக்க யார் கூட வர்றாங்க?" இப்படிக் கேளுங்கள். பதில் தானாக வரும். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள். மறுத்துவிட்டு எழுந்தால் அதோடு அந்தக் கதவு மூடிவிடும்.

ஒரு நோட்டு வைத்து வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை பேர், யாருக்கு என்ன வருமானம், யாரிடம் எந்தக் காகிதம் இல்லை, என்ன மருந்து சாப்பிடுகிறார்கள். எழுதுவதற்கு முன் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் பொப்பியா சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது, கோயில் குழுவுக்கும் அது பொருந்தும். அந்த நோட்டு வாட்ஸாப் குரூப்புக்குள் போகவே கூடாது.

நான்காம் படி: காகித வேலை

இந்தப் படியில்தான் நீண்ட நேரம் நிற்க வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஐந்நூறு ரேண்டுக்கு (ரேண்ட் இந்த நாட்டுப் பணம்) ஒரு ஹாம்பர் கொடுத்தால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பிள்ளை உதவித்தொகை 2024இல் மாதம் 530 ரேண்ட், பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கிடைத்தால், தொகை ஒரு காசு ஏறாமலே இருந்தாலும் பன்னிரண்டு வருடத்தில் 76,320 ரேண்ட். ஒரு பிற்பகல் ஃபாரம் நிரப்புவதில் இவ்வளவு இருக்கிறது.

அதற்காக அந்தத் தொகை போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் வெறும் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 796 ரேண்ட் வேண்டும் என்று 2024இல் அரசின் புள்ளிவிவரத் துறையே கணக்குப் போட்டது. 530க்கும் 796க்கும் நடுவில் உள்ள பள்ளத்தைத்தான் கோயிலும் தெருவும் சேர்ந்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

என்னென்ன உண்டு என்று பார்ப்போம். அறுபது வயது ஆனவர்களுக்கு முதியோர் தொகை, 2024 அக்டோபரில் 2,190 ரேண்ட். வேலை செய்ய முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு, 18 முதல் 59 வயது வரை, ஊனமுற்றோர் தொகை. இதற்கு டாக்டரின் மதிப்பீடு மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பிள்ளை உதவித்தொகைக்கு வருமான வரம்பு உண்டு. தொகையின் பத்து மடங்குதான் வரம்பு, அதாவது 2024 கணக்கில் தனியாக வளர்ப்பவருக்கு மாதம் 5,300 ரேண்ட், கல்யாணமானவர்களுக்கு இருவர் வருமானமும் சேர்த்து அதன் இரண்டு மடங்கு. பெற்ற தாய்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. வளர்ப்பவர் யாரோ அவர் கேட்கலாம், ஆயா, சின்னம்மா, மாமா யாராக இருந்தாலும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை உறவினர் வளர்த்தால் 2022 முதல் கூடுதல் தொகையும் உண்டு. இது தெரியாத ஆயாக்கள் எத்தனையோ பேர். வேலையில்லாத பெரியவர்களுக்குக் கோவிட் காலத்தில் 350 ரேண்டில் தொடங்கிய மாதத் தொகை 2024 ஏப்ரலில் 370 ஆனது. தொகைகள் வருடா வருடம் மாறும், அதனால் போகும் முன் சாஸாவின் இலவச எண் 0800 60 10 11இல் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. "நான் வாங்கித் தருகிறேன், இருநூறு கொடு" என்று யாராவது சொன்னால் அவர் ஏமாற்றுகிறார். பணம் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்காகும், பிறந்த நாளிலிருந்து ஆகாது. அதனால் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தள்ளினால் ஒரு மாதத் தொகை போச்சு.

அந்த ஆயாவின் பேரனைப் போல் சான்றிதழ் இல்லாவிட்டால்? இங்கேதான் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிறந்து முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். தாண்டினால் ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) தாமதப் பதிவு. கிளினிக் அட்டை, தாயின் இறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம், வளர்ப்பவரின் ஐடி இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நடக்கும்வரை சும்மா காத்திருக்க வேண்டாம். காகிதம் இல்லாமலும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விதியில் இடம் இருக்கிறது. கவுண்டரில் "முடியாது" என்றால் வருத்தப்படாமல், அந்த மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் வந்தால் தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உறுதிமொழிப் பத்திரத்தை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் இலவசமாகச் சத்தியம் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

வரிசையில் தனியாக நிற்க விடாதீர்கள். நாங்கள் ஓர் இளைஞனை அதிகாலையிலேயே அனுப்பி இடம் பிடிக்கச் சொல்வோம், ஆயாவைப் பிறகு காரில் கூட்டிப்போவோம், ஒரு ஃபிளாஸ்க் டீயும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு. சின்னவனுக்கு ஐந்து தடவை போனோம். ஐந்தாவது தடவை சான்றிதழைக் கையில் வாங்கியதும் ஆயா அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார், காரில் வரும் வழியெல்லாம் வெளியே எடுக்கவே இல்லை.

ஐந்தாம் படி: வட்டிக்காரனிடம் இருக்கும் அட்டை

மஷோனிசா என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அவசரத்துக்கு ஐந்நூறு தருவான். அட்டையையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வான். மாதா மாதம் அவனே பணத்தை எடுத்து மீதியைக் கையில் கொடுப்பான். வட்டி கட்டியே ஆயுள் போகும்.

2005ஆம் வருடத்து நேஷனல் கிரெடிட் சட்டப்படி கடன் கொடுத்தவர் அட்டை, பின் நம்பர், ஐடி எதையும் பிடித்து வைத்திருக்கக் கூடாது. அதற்காக நேராகப் போய்ச் சண்டை போடாதீர்கள். அந்த ஆயா நாளைக்கும் அதே தெருவில்தான் இருக்க வேண்டும். நாங்கள் செய்வது இதுதான்: ஆயாவோடு போய் அட்டை போய்விட்டது என்று சொல்லிப் புது அட்டையும் புதுப் பின் நம்பரும் எடுப்போம். பழைய அட்டை செத்துவிடும். வாங்கிய அசல் எவ்வளவு என்று நியாயமாகக் கணக்குப் பார்த்து, குழுவில் வயதான ஒருவர் நடுவில் நின்று பேசித் தீர்ப்பார். மிரட்டல் என்று வந்தால்தான் போலீஸ். பிறகு அதே குடும்பம் அடுத்த அவசரத்துக்கு மறுபடி அவனிடமே போகாமல் இருக்கக் குழுவில் வட்டியில்லாக் கைமாற்று ஒன்று வைத்திருங்கள், சிறிய தொகையாக. சீட்டு நடத்திப் பழகிய அக்காமாரிடம் அதைக் கொடுங்கள், ஒரு காசு பிசகாது.

ஆறாம் படி: கரண்ட், தண்ணீர், பள்ளிக் கட்டணம்

ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் மின்சாரமும் 6,000 லிட்டர் தண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது நாட்டின் கொள்கை. டர்பனில் தண்ணீர் சலுகை வீட்டின் மதிப்பைப் பொறுத்தது. முனிசிபாலிட்டி கவுண்டரில் ரேட்ஸ் பில்லோடு (வீட்டு வரி பில்) போய்க் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய பாக்கிக்குத் தவணையும் அங்கேயே கேட்கலாம்.

பள்ளிக்கூடம்: கட்டணம் கட்டவில்லை என்று எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. கட்டணம் பெற்றோரின் வருட வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முழு விலக்குக் கேட்கும் உரிமை உண்டு. பெற்றோர் எழுதிக் கேட்க வேண்டும், நாம் எழுதிக் கொடுக்கலாம்.

ஏழாம் படி: சாப்பாடு

காகிதம் வரும்வரை வயிறு காத்திருக்காது, அதனால் சோறும் கூடவே போக வேண்டும். முதலில் மீட்டரைப் பாருங்கள். கரண்ட் இல்லாத வீட்டுக்கு ஐம்பது ரேண்ட் யூனிட் வாங்கிக் கொடுத்தபின் அரிசி கொடுங்கள், அல்லது சமைத்ததைக் கொடுங்கள்.

ஹாம்பரில் மீலி மீல், அரிசி, டால், பீன்ஸ், டின் மீன், எண்ணெய், சர்க்கரை, டீ, உப்பு, மசாலா, சோப்பு. பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாப்கின். கேட்கக் கூச்சப்படுவார்கள், நீங்களாக வையுங்கள். புரட்டாசியில் டின் மீனை எடுத்துவிட்டு டால் கூட்டிப் போடுங்கள். பசியிலும் விரதத்தை விடாத வீடுகள் உண்டு, மீனைப் பார்த்ததும் அவர்கள் மனம் நோகும். சர்க்கரை நோய் நம்மில் அதிகம், அதனால் வெள்ளைச் சீனியும் மாவும் மட்டும் நிறைத்த பை வேண்டாம்.

நம்மிடம் ஏற்கெனவே பெரிய சமையல்கட்டுகள் இருக்கின்றன. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதும், காவடிக்கும், ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலிலும் எத்தனை ஆயிரம் பேருக்குச் சமைக்கிறோம்! அதே அண்டா வருடத்தில் பாதி நாள் கவிழ்ந்து கிடக்கிறது. வாரம் ஒரு நாள், புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், பீன்ஸ் கறியும் சோறும். வாங்க வருபவர்களை வெயிலில் வரிசை நிற்க வைக்காமல் உட்கார வைத்துப் பரிமாறுங்கள், பந்தி போலவே. முதியவர் இல்லத்தை 1921இல் தொடங்கிய ஆரியன் பெனவலன்ட் ஹோம், டிவைன் லைஃப் சொசைட்டி, கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் போன்ற பெரிய அமைப்புகள் இருக்கும் மாநிலம் இது. தெருக் குழுவால் தாங்க முடியாததை அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். மிஞ்சும் உணவைச் சேகரித்துத் தரும் ஃபுட்ஃபார்வர்ட் எஸ்ஏவிடமும் பதிவு செய்து பார்க்கலாம்.

எட்டாம் படி: ஊருக்கு எடுத்துச் சொல்வது

இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். முதல் வருடம் ஹாம்பர் வாங்கும் ஒரு குடும்பத்தைப் படமெடுத்துப் போட்டேன். நல்ல எண்ணம்தான், நன்கொடை வரும் என்று. அந்த வீட்டுப் பெண் பிள்ளையை வகுப்பில் "ஹாம்பர்" என்று கூப்பிட்டார்கள். ஒரு வாரம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அவள் அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு எங்கள் படங்களில் முகம் இருப்பதில்லை. அண்டா, மூட்டை, காய் நறுக்கும் கைகள், அவ்வளவுதான்.

முகம் இல்லாமல் எப்படி மனதைத் தொடுவது? கணக்கால் தொடலாம். "இந்தத் தெருவில் நாற்பது வீட்டுக்குப் போனோம், ஒன்பது வீட்டில் மாதக் கடைசி வாரம் கரண்ட் இல்லை" என்று உங்கள் சொந்த நோட்டிலிருந்து வரும் எண்ணைக் கோயிலில் எழுந்து சொல்லுங்கள். அடுத்த தெருவைக் கூட்டிச் சொல்லாதீர்கள், போகாத வீட்டுக்குக் கணக்குச் சொல்லாதீர்கள்.

தமிழில் சொல்வது பெரியவர்களுக்கு. பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது; நோட்டீஸ் ஆங்கிலத்திலும் சுலுவிலும் வேண்டும். அதில் உதவித்தொகை விவரமும் சாஸா எண்ணும் இருக்கட்டும், வாசிப்பவர் யாருக்காகவோ வாசிப்பது போல் தனக்காகவும் வாசித்துக்கொள்வார். வார்டு கவுன்சிலரிடமும் வார்டு கமிட்டியிடமும் அந்தக் கணக்கைக் கொடுங்கள், கடிதமாக, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி.

ஜூலை 18 மண்டேலா தினத்தன்று எல்லோரும் அறுபத்தேழு நிமிடம் ஏதாவது செய்வார்கள். தீபாவளிக்கும் ஹாம்பர் வந்து குவியும். நல்லதுதான். ஆனால் அன்று வருபவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது "பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை தருவீர்களா?" என்பது. பள்ளி திறந்து சீருடையும் ஷூவும் வாங்கிக் கையில் காசில்லாத மாதம் அது.

ஒன்பதாம் படி: கணக்கும் பதிவும்

பணம் சேர ஆரம்பித்தால் சந்தேகமும் சேரும். முதல் நாளிலிருந்தே தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மாதம் ஒரு முறை கோயில் பலகையில் வரவு செலவு. ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் 1997ஆம் வருடத்துச் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் இலாபநோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. வரித்துறையின் அனுமதியும் வாங்கினால் நன்கொடை தருபவர்களுக்கு வரிக்கழிவு ரசீது கொடுக்கலாம். கடைக்காரர்கள் அதற்காகவே தருவார்கள்.

முதல் நடைக்கு நாள் பார்ப்பது

உதவித்தொகைகள் மாத முதல் வாரத்தில் வரும். அந்த வாரம் போனால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும், ஒன்றும் தெரியாது. இருபதாம் தேதிக்குமேல் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போங்கள். எந்த ஜன்னலில் விளக்கு எரியவில்லை என்று தெருமுனையிலிருந்தே தெரியும். அந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள்.